நாள் காலியில்லை

உக்காரு அம்மிணி. அந்தச் சேர் வேண்டா, பூனை படுத்து ஒரே முடியாக் கெடக்குது, இந்த ஸ்டூல்ல உக்காரு. பாலெல்லாம் இங்க குட்டிங்களுக்குத்தான் வாங்கறோம், வரக்காப்பி வேணும்னா போடச் சொல்றேன். வேண்டாவா? சரி. மணி என்ன ஆச்சு? பத்தேகால்தானா. பதினொண்ணுக்கு ஆளுங்க வருவாங்க, அதுக்குள்ள உன்ற விசயத்தப் பாத்துரலாம். உங்கப்பா பேருல ஒரு நாள் நாய்ங்களுக்குச் சோறு போடணும், அவ்வளவுதானே. தேதி சொல்லு. நவம்பர் பதினெட்டா.

இரு, நோட்டுல பாக்கறேன். பதினாறு, பதினேழு, பதினெட்டு. இல்ல அம்மிணி, அதுக்கு ஆளு இருக்குது. அரிசி மண்டி குப்புசாமி, தாராபுரம். ரெண்டாயிரத்தி மூணுல அவரு மகன் கட்டுனது, அஞ்சாயிரம் ரூபா. பத்தொம்போதும் இல்ல, இருபதும் இல்ல. நெசமாச் சொன்னா வருசம் பூராவுமே இல்ல. ரெண்டாயிரத்தி ஒம்போது ஆடி மாசத்தோட முன்னூத்தி அறுபத்தஞ்சு நாளும் தீந்து போச்சு. பிப்ரவரி இருபத்தொம்போதுக்குக்கூட ஒருத்தர் வந்தாரு. நாலு வருசத்துக்கு ஒருக்காத்தானே வருது, கால்வாசிப் பணம் வாங்கிக்கங்கன்னாரு. முடியாதுன்னுட்டேன்.

கவர உள்ள வெய்யி. அம்பதாயிரமா இருந்தாலும் அஞ்சு லட்சமா இருந்தாலும் குப்புசாமி நாளு குப்புசாமி நாளுதான். எப்பக் காலியாகும்ங்கறயா? நல்லாக் கேட்டே போ. உசுரோட இருக்கறவங்கன்னா வீடு மாத்திப் போவாங்க. செத்தவங்க எங்க போவாங்க?

உனக்கு வெளங்கற மாதிரிச் சொல்றேன், கேளு. கோயில்ல கட்டளை வெக்கறாங்கல்ல, ஒரு தொகையைக் கட்டிப்போட்டு அதோட வட்டியில வருசத்துக்கு ஒரு நாள் நம்ம பேருல பூசை நடக்கும், அதே ஏற்பாடுதான் இது. இந்தக் காப்பகத்த ஆரம்பிச்ச மருதாசலம் அண்ணன் யோசனை. சாமிக்கு வெச்சா நாய்க்கு ஏன் வெக்கக் கூடாதுன்னாரு. ஊரே சிரிச்சுது. ஆனாப் பாரு, ஆறே வருசத்துல ஜனங்க வரிசை கட்டி வந்தாங்க. அஞ்சாயிரம் கட்டுனா நாங்க பேங்க்ல போட்டு வெப்போம். அந்த நாளு வந்துதுன்னா வெளிய கரும்பலகையில அவங்க பேர எழுதி, சோறு வெக்கறதுக்கு முன்னால சத்தமாப் படிப்போம். இன்னிக்கு இன்னாரு ஞாபகமாச் சோறு. படிச்சு முடிக்கற வரைக்கும் ஒரு நாய் கொரைக்காது. நம்ப மாட்டே நீ. நூத்திப் பத்து நாய் கப்புச்சிப்புன்னு நிக்கும். பேரு முடிஞ்சாத்தான் சட்டி எறங்கும்னு அதுங்களுக்குத் தெரியும்.

அப்ப வட்டியும் நல்லாக் கெடச்சுது, நாயும் நாப்பதுதான். ஒருத்தர் பணத்தோட வருச வட்டியில ஒரு நாள் சோறு ஆயிரும். இப்ப அதே அஞ்சாயிரத்துக்கு வருசத்துக்கு முன்னூத்திச் சொச்சம் வருது. சோத்துக்கு நாளொண்ணுக்கு மூவாயிரம் ஆகுது. மீதிக்கு எங்க போறதுன்னு நீ கேக்கற மாதிரித்தான் எல்லாரும் கேக்கறாங்க. உண்டியல் இருக்குது, மாசச் சந்தா இருக்குது, நந்தகோபால் நாலு மில்லுக்கு அலைஞ்சு வாங்கிட்டு வாரான். அவன்தான் செயலாளர், மோட்டார் ரீவைண்டிங் கடை வெச்சிருக்கறான். நல்ல பையன், வாய்தான் கொஞ்சம் நீளம். நாளைக்கு ஒரு பேருன்னு ஏன் வெச்சிருக்கறீங்க, பத்துப் பேரப் படிங்க, அம்பதாயிரம் வாங்குங்கங்கறான். குப்புசாமி மகன்கிட்ட இந்த நாளு உங்கப்பாவுதுன்னு சொல்லித்தானே பணம் வாங்குனேன். பஸ் சீட்டா இது, நெருக்கி உக்காருங்கன்னு சொல்றதுக்கு?

இரு, வண்டிச் சத்தம் கேக்குதா? இல்ல, அது தண்ணி லாரி. ஒரு நிமிசம் இரு, முன்னாடிக் கூண்டப் பாத்துட்டு வந்தர்றேன்.

ஒண்ணுமில்ல, ரெண்டு குட்டி வந்துருக்குது, நேத்துச் சாயங்காலம் யாரோ சாக்குல கட்டி வாசல் கேட்டுக்கிட்ட போட்டுட்டுப் போயிட்டாங்க. கண்ணு கொஞ்சம் ஒட்டியிருக்குது. குளிராக்கூட இருக்கும்.

எங்க உட்டேன்? ஆங், முதலு. முன்னூத்தி அறுபத்தஞ்சு பேரு, ஆளுக்கு அஞ்சாயிரம், பதினெட்டு லட்சத்து இருபத்தஞ்சாயிரம். அந்தப் பணத்துல இன்னிக்கு வரைக்கும் ஒரு ரூபா குறைஞ்சதில்ல. நான் பொருளாளரா உக்காந்து இருபத்திரெண்டு வருசம் ஆச்சு. இந்தச் சுத்துவட்டாரத்துல எத்தன டிரஸ்டு ஆரம்பிச்சு எத்தன மூடுனாங்கன்னு எனக்குத் தெரியும். குந்தித் தின்னாக் குன்றும் மாளும்னு சும்மாவா சொன்னாங்க. ஒவ்வொரு ரசீதுலயும் நானே என்ற கையால எழுதிக் குடுத்திருக்கறேன், முதல் தொடப்படாது, வட்டி மட்டும்னு. அதத்தான் இவங்க தொடச் சொல்றாங்க. அதுக்குத்தான் பதினொண்ணுக்கு வாராங்க.

போன வருசம் ஐப்பசியில ஆரம்பிச்சது இது. மழை விடாமப் பேஞ்சுது. பைபாஸ் ரோட்டுல இருந்து நாலு குட்டி கொண்டாந்தாங்க. மூணாம் நாளு கண்ணுல பீளை, மூக்குல சளி. டாக்டர் புள்ள யாழினி பாத்துட்டு டிஸ்டம்பர்ங்கற தொத்து நோவுன்னா. அவ நம்ம கமிட்டியிலயும் இருக்கறா, காசு வாங்காம வந்து பாக்கறா, அதச் சொல்லணும். ஒண்ணு இருமுனாப் பக்கத்துல இருக்கறதுக்கு ஒட்டிக்கும், நோவு வந்தத உடனே தனியாப் பிரிக்கணும்னா. எங்க பிரிக்கறது? நம்மகிட்ட இருக்கறது ஒரே நீளக் கொட்டாய், நடுநடுவுல கம்பி வலை, அவ்வளவுதான்.

பின்னாடி காலி எடம் இருக்குது, அங்க தனியா ஒரு கொட்டாய், தனித் தண்ணி, தனிச் சாக்கடைன்னு போட்டா நாலு லட்சம் ஆகும், ஆளு வெச்சுப் பத்து நாள்ல முடிச்சரலாம்னு நந்தகோபால் கணக்குக் கொண்டாந்தான். டெபாசிட்டுல இருந்து நாலு லட்சத்த மட்டும் உடைக்கலாங்கக்கான்னான். மட்டுமாம். நான் கேட்டேன், சரி, நாலு லட்சம்னா எம்பது பேரோட பணம், எந்த எம்பது பேருன்னு சொல்லு. சித்திரையில ஆரம்பிச்சு எடுக்கலாமா? அப்ப சித்திரையில செத்தவங்க என்ன பாவம் பண்ணுனாங்க? அவன் தலையில கை வெச்சு உக்காந்துட்டான். 

ஊரான் வீட்டு நெய்யே எம் பொண்டாட்டி கையேன்னு இருக்கக் கூடாது அம்மிணி. அதத்தான் நான் சொன்னேன். பேங்க் பாரத்துல மூணு பேரு கையெழுத்துப் போட்டாத்தான் பணம் எடுக்க முடியும். செயலாளர், டாக்டர் புள்ள, நான். அவங்க ரெண்டு பேரும் அன்னிக்கே போட்டுட்டாங்க. நான் போடல.

என்னையக் கஞ்சம்னு நெனச்சுக்காதே. இந்தக் கையைப் பாரு. ரெண்டு வளையல் கெடந்த கை இது, மூணு பவுனு. ஒம்போதாம் நாளு தொரைக்குக் கண்ணு ஒட்டுனப்ப நேராப் பொள்ளாச்சி போயி அடகு வெச்சுட்டு தொண்ணூறாயிரம் கொண்டாந்தேன். தொரைன்னா நம்ம மூணுகால் நாயி. லாரிச் சக்கரத்துல ஒரு கால் போனது. பேரு படிக்கறப்ப மத்ததெல்லாம் நிக்கும், அது மட்டும் என்ற காலுக்கிட்ட வந்து உக்காரும். என்ற சொந்தப் பணத்துல அது மேலயும் நான் செலவு பண்ணலாம், பக்கத்துக் கூண்டு மேலயும் பண்ணலாம். அதுக்கு யாரையும் கேக்க வேண்டா. டிரிப்பு, ஊசி, மருந்துன்னு பத்தொம்போதாயிரத்துக்கு வாங்கி வெச்சேன்.

டாக்டர் புள்ள அந்த மருந்துப் பெட்டியப் பாத்தா, என்னையப் பாத்தா. அக்கா, மருந்து பத்தாதுன்னு நான் எப்பச் சொன்னேன், எடமில்லைன்னுதானே சொன்னேன்னா. மெதுவாத்தான் சொன்னா. அப்பறம் டிரிப்பு ஏத்தப் போயிட்டா.

இருபத்திமூணு போச்சு அம்மிணி. கார்த்திகை பொறக்கறதுக்குள்ள இருபத்திமூணு. மொதல்ல இருமல், அப்பறம் திங்காது, அப்பறம் காலு வெட்டி வெட்டி இழுக்கும். தொரைக்கு இருந்த மூணு காலும் இழுத்துச்சு. ராத்திரி பூரா மடியில வெச்சிருந்தேன், விடியறப்பப் போயிருச்சு. நான் அழுதேன், சொல்றதுக்கென்ன. என்ற வீட்டுக்காரரு போனப்பக்கூட அப்படி அழுகல. அன்னிக்கும் ஒம்போதரைக்கு எந்திரிச்சுப் போயிப் பேரப் படிச்சேன். அன்னிக்கு யாரோ மடத்துக்குளம் டீச்சரம்மா நாளு. நம்ம துக்கத்துக்கு அவங்க நாளு நிக்கலாமா?

மணி பாரு. பத்தரை. இந்தக் கடியாரம் ரெண்டு நிமிசம் முன்னாடி ஓடும்.

டாக்டர் புள்ள வந்து இந்தக் குட்டிங்களப் பாத்தான்னா உடனே அதே நோவுதான்னு சொல்லுவா. எனக்குத் தெரியும். கண்ணு ஒட்டுனா எல்லாம் அதுவா? நமக்குந்தான் காலையில கண்ணு ஒட்டுது. காலையில ஒண்ணு பால் குடிச்சுது. இன்னொண்ணு அப்பறமாக் குடிக்கும்.

கணக்குச் சொல்றேன், கேளு. மருந்து போக எழுபத்தோராயிரம் மிச்சம் இருந்துதல்ல, என்ற வளையல் பணத்துல? திருப்பி எடுத்துக்கலாம். எடுக்கல. பேர் சொல்ல விரும்பாதவர் நன்கொடைன்னு ரசீது போட்டு டெபாசிட்டோட சேத்துட்டேன். ஜீவனுக்குன்னு கொண்டாந்தது ஜீவனுக்குத்தான் சேரணும். அப்பறம் ஆறு மாசத்துக்குப் புது நாய் எடுக்கக் கூடாதுன்னு டாக்டர் புள்ள தடை போட்டுட்டா. அரிசிச் செலவு எறங்கிருச்சு. மார்ச்சுல கணக்கு முடிச்சாப் பாரு, உபரி. ஒரு லட்சத்து அறுபதாயிரத்துச் சொச்சம். இருபத்திரெண்டு வருசத்துல வரவும் செலவும் முட்டி முட்டி நிக்கும், சில வருசம் கையக் கடிக்கும். மொதத் தடவையா உபரி. ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு இத்தன நாள் இருந்ததுக்குப் பலன்னு நெனச்சேன்.

பொதுக்குழுவுல எந்திரிச்சு நின்னு படிச்சேன். புதுப் பொடவ கட்டிட்டுப் போயிருந்தேன். கை தட்டுவாங்கன்னு படிச்சு முடிச்சுக் கொஞ்ச நேரம் நின்னேன். ஒருத்தரும் தட்டல. டாக்டர் புள்ளதான் எந்திரிச்சா.

"இந்த உபரி எப்படிக்கா வந்துச்சு?"

"செலவு குறைஞ்சுது."

"எதனால குறைஞ்சுது?"

"வாய் குறைஞ்சுது."

உள்ளதத்தான் சொன்னேன். அவ அப்படியே உக்காந்துட்டா.  நந்தகோபால் எந்திரிச்சு வெளிய போயிட்டான். நான் பேப்பரப் புடிச்சுட்டு நிக்கறேன். உனக்குச் சந்தேகம்னா நோட்டு இங்கதான் இருக்குது, எடுத்துப் பாரு, ஒரு பைசா தப்பிருக்காது. ஆடிட்டரே சொன்னாரு, உங்க கணக்குல எனக்கு வேலையே இல்லைங்க அம்மான்னு. ஆனா அன்னிக்கு வீட்டுக்குப் போயித் திங்க முடியல. கணக்குச் சரியா இருந்தும் ஏன் திங்க முடியலைன்னு நானும் யோசிச்சுப் பாத்துட்டேன்.

மணியப் பாக்கறயே. போரடிக்குதா? கெளம்பறயா? மழை வருது, இரு, விட்டதும் போலாம்.

நான் ஏன் இப்படி இருக்கறேன்னு இவங்களுக்குத் தெரியாது. சின்னப் புள்ளைங்க. நான் கல்யாணத்துக்கு முன்னால இருந்து ஒரு நிதிக் கம்பெனியில காசாளரா இருந்தேன். பேரு வேண்டா, அது இப்ப இல்ல. கண்ணாடிக் கவுண்ட்டரு, பின்னாடி லட்சுமி படம். நூத்துக்கு இருபத்திநாலு வட்டி. ஜனங்க முந்தானையில முடிஞ்சு கொண்டாந்து கட்டுனாங்க. ரசீது எழுதறது நானு. என்ற எழுத்து அழகா இருக்கும்னு முதலாளியே சொல்லுவாரு. மொதல்ல ஒரு அவசரம்னு முதலுப் பணத்துல கை வெச்சாங்க, திருப்பி வெச்சாங்க. அப்பறம் இன்னொரு அவசரம். நல்ல காரியம்தான் ரெண்டும், ஒரு ஊழியருக்கு ஆபரேசன், ஒரு கோயில் கும்பாபிசேகம். யாரும் கேக்க மாட்டாங்க, எல்லாருக்கும் சம்மதம்தான்னு முதலாளி சொன்னாரு. வேலியே பயிர மேஞ்சுது. ஒரு நாள் காலையில நான் போறேன், கதவு பூட்டியிருக்குது, தெரு பூரா ஜனம். எல்லாரு கையிலயும் ரசீது. எல்லா ரசீதுலயும் என்ற எழுத்து.

அதனாலதான் நந்தகோபால்கிட்டச் சொன்னேன், பணம் கட்டுன அத்தன பேரும் சம்மதம்னு எழுதிக் குடுக்கட்டும், நான் கையெழுத்துப் போடறேன்னு. நடக்கற காரியமாக்கான்னான். ஏன் நடக்காது? தை மாசம் உக்காந்து நானே எழுதுனேன். ஒவ்வொண்ணும் கையால. பெறுநர், பொருள், ஐயா அம்மா வணக்கம், தங்கள் கட்டளைத் தொகையை நோயுற்ற நாய்களுக்குத் தனிக் கொட்டகை கட்டப் பயன்படுத்த உள்ளோம், தங்கள் சம்மதம் தேவைன்னு. பதில் எழுதக் கவருக்குள்ள ஒரு கார்டும் வெச்சேன். தபால் செலவு என்ற பென்சன்ல. இதோ இந்தப் பையில இருக்குது பாரு, வந்ததெல்லாம்.

இந்தக் கட்டு திரும்பி வந்தது. விலாசதாரர் இல்லை, விலாசதாரர் காலமானார், வீடு இடிக்கப்பட்டது. நூத்தித் தொண்ணூத்தி ஒண்ணு. பதிலே போடாதவங்க நூத்திப் பதினஞ்சு. பதில் வந்தது இந்தச் சின்னக் கட்டு, அம்பத்தெட்டு. படிச்சுப் பாரு. தாராளமாக எடுத்துக்கொள்ளவும். இதற்கெல்லாம் கேட்க வேண்டுமா. எந்த அஞ்சாயிரம், எங்களுக்கு நினைவில்லை, நல்ல காரியம்னா செய்ங்க. பல்லடத்துப் பெரியவர் ஒருத்தரு எழுதியிருக்கறாரு பாரு, என் சம்சாரத்துக்கு நாயென்றாலே ஆகாது, மகன்தான் கட்டினான், அவள் பேரில் நாய் பிழைத்தால் சரிதான்னு. ஆமா, அம்பத்தெட்டும் சம்மதம்தான். வேண்டாம்னு ஒண்ணுகூட இல்ல.

யார்கிட்டயும் காட்டல. எதுக்குக் காட்டறது? அத்தன பேரும்னுதானே சொன்னேன், அம்பத்தெட்டுதானே வந்திருக்குது. பதில் போடாதவன் மனசுல என்ன இருக்குதோ. நந்தகோபால்கிட்டக் காட்டுனா இந்த அம்பத்தெட்டப் புடிச்சுட்டு ஆடுவான், அம்பத்தெட்டு பேரு பணமே மூணு லட்சம் ஆச்சுங்கக்காம்பான்.

ரெண்டு லட்சத்துத் தொண்ணூறாயிரம். மூணு இல்ல.

என்ன அம்மிணி, விரல விட்டு எண்ணறே? கூட்டிப் பாத்தியா? நீ எந்தப் பள்ளிக்கூடத்துல இருக்கறேன்னு சொன்னே? கணக்கு டீச்சரா. சரித்தான். நூத்தித் தொண்ணூத்தி ஒண்ணு, நூத்திப் பதினஞ்சு, அம்பத்தெட்டு. முன்னூத்தி அறுபத்தி நாலு. ஆமா. நாலுதான். ஒண்ணு குறையுது.

தப்பில்ல அது. எனக்கா தப்பு வரும். ஒண்ணு எழுதல, அவ்வளவுதான். எழுத வேண்டியதில்ல. அந்த நாளு நான் கட்டுனது.

மாராத்தா பேருல. உனக்குத் தெரியாது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால இட்லிக் கடை போட்டிருந்தா, கம்பெனிக்கு மத்தியானம் அவதான் சாப்பாடு கொண்டாருவா. அவளாக் கட்ட வரல அம்மிணி. நான்தான் சொன்னேன், உண்டியல்ல போட்டு என்ன பண்ணப் போறே, எங்ககிட்டக் கட்டு, முதலு பத்தரமா இருக்கும், வட்டிய மட்டும் மாசாமாசம் வாங்கிக்கன்னு. அஞ்சாயிரம். எல்லாம் ரெண்டு ரூபா, அஞ்சு ரூபா நோட்டு, மாவு வாசம் அடிக்கும். நான் எண்ணி வாங்கி ரசீது எழுதுனேன். பூட்டுன அன்னிக்கு எல்லாரும் என்னையத் திட்டுனாங்க, மண்ண வாரித் தூத்துனாங்க. அவ திட்டல. ரசீதக் குடுத்து, இத நீயே வெச்சுக்க சாமி, எனக்குப் படிக்கத் தெரியாதுன்னுட்டுப் போயிட்டா. அடுத்த வருசம் செத்துப் போனா. ஆஸ்பத்திரிக்குப் போகக் காசில்லைன்னு பக்கத்துக் கடைக்காரன் சொன்னான்.

மருதாசலம் அண்ணன் கட்டளை ஆரம்பிச்சப்ப மொத ரசீது நான்தான் போட்டேன், மாராத்தா பேருக்கு, அதுக்கப்பறம் போன ஆபீசுச் சம்பளத்துல. அந்த அஞ்சாயிரத்த யாரும் தொட முடியாத எடத்துல வெச்சுட்டேன்னு அன்னிக்குத்தான் நல்லாத் தூங்குனேன். இப்ப வந்து அத எடுன்னா எப்படி அம்மிணி எடுக்கறது? அவ பணத்த நான் ரெண்டாந்தடவ எடுக்கறதா?

என்ன சொல்றே? ஆஸ்பத்திரிக்கு. ஆமா, நானேதான் சொன்னேன். காசில்லாமத்தான் செத்தா.

நாய்ங்களுந்தான்ங்கறே. நீ சொல்லாட்டியும் எனக்குக் கேக்குது. காசு இல்லாம இல்ல, பேங்க்ல இருந்துது. அதுதான் வித்தியாசம். அவளுக்கு இல்லாமப் போச்சு, இதுங்களுக்கு இருந்துது, நான் பூட்டுக்கு மேல உக்காந்திருந்தேன்.

இரு. கேட்டு தொறக்கற சத்தம். வந்துட்டாங்க, டாக்டர் புள்ள வண்டிதான். நேராக் கூண்டுக்குத்தான் போறா பாரு, இங்க வரல. உக்காந்துட்டா. குட்டியத் தூக்கல, கையக்கூட வெக்கல, சும்மா பாத்துட்டே உக்காந்திருக்கறா. நந்தகோபால் பின்னால குடை புடிச்சுட்டு நிக்கறான். நான் எந்திரிச்சுப் போனா அவங்க என்ன கேப்பாங்கன்னு தெரியும். சொல்றதுக்குப் பதில் வேணுமல்ல.

பாரம் இங்கதான் இருக்குது, ரெண்டு கையெழுத்தோட. ஆனா நான் ஒரு முறைன்னு வெச்சா முறைதான். கேக்காம எடுக்க மாட்டேன். கேட்டவங்க யாரும் வேண்டாம்னு சொல்லல. எல்லாருக்கும் கடுதாசி போனப்ப மாராத்தாவுக்குப் போகல, அதுதான் தப்பு, அது என்ற தப்பு. அவளுக்குப் படிக்கத் தெரியாது, என்ற விலாசத்துக்குத்தான் வரணும்.

நீ டீச்சர்தானே, கையெழுத்து நல்லா இருக்குமல்ல. இந்தா பேனா, இந்தா தாளு. எனக்கு நானே எழுதிக்கறது முறையாகாது, நீ எழுது. பெறுநர், சுலோச்சனா, அது என்ற பேரு, மாராத்தா கட்டளைக்காகன்னு போடு. பொருள், கொட்டகை. ஐயா வேண்டா, அம்மான்னு மட்டும் எழுது. உன்ற அப்பா பேர அப்பறமா எங்க எழுதறதுன்னு பாக்கலாம், கவர மேசை மேல வெய்யி.

சுருக்கா எழுது அம்மிணி, அந்தப் புள்ள எந்திரிச்சு இங்க வர்றா. அட, தேதி போடு மொதல்ல. தேதியில்லாத கடுதாசிக்கு நான் பதில் போட மாட்டேன்.